ஆடியோ முழுசா லோட் ஆகிவிட்டதா என்று ஜாவாஸ்கிரிப்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒலி நிற்காமல் ஓடத் தயார் என்று பிரவுசர் சொல்லும் கேன்பிளேத்ரூ (canplaythrough) ஈவென்ட்டுக்காகக் காத்திருந்தால் சில நேரம் வருகிறது, சில நேரம் "லோடிங்" என்றே நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே தொல்லைதான் வந்தது.

சிங்கப்பூர் ஈசூனில் தமிழ்த் துணைப்பாடம் நடத்தும் ஓர் ஆசிரியைக்கு, பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) கேட்டல் கருத்தறிதல் பயிற்சிக்காக ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். ஒலிப்பதிவு தயாரானால்தான் "தொடங்கு" பட்டனை அழுத்த முடியும். என் கணினியில் நன்றாக ஓடியது. மறுநாள் அவர் கூப்பிட்டார்: "தம்பி, சில பிள்ளைங்களுக்கு முதல் தடவை வருது, திரும்பத் திறந்தா பட்டன் சாம்பல் கலர்லயே நிக்குது. ஐபோன்ல சுத்தமா வரல."

முதல் கோளாறுக்குக் காரணம் கேச், அதாவது ஒருமுறை இறங்கிய கோப்பைப் பிரவுசர் சேமித்து வைப்பது. இரண்டாம் முறை கோப்பு உடனே கிடைத்துவிடுவதால், என் ஸ்கிரிப்ட் ஈவென்ட்டைக் கவனிக்கும் லிசனரைப் போடுவதற்குள் ஈவென்ட் வந்து போய்விட்டது. போனது திரும்ப வராது. அதனால் முதலில் ஆடியோவின் ரெடிஸ்டேட் (readyState) மதிப்பைப் பாருங்கள். 0 என்றால் ஒன்றுமே வரவில்லை, 1 என்றால் நீளம் போன்ற விவரம் மட்டும், 2 என்றால் இப்போதைய இடத்துக்கு மட்டும், 3 என்றால் இன்னும் கொஞ்சம் ஓடும், 4 என்றால் நிற்காமல் கடைசிவரை ஓடும் என்று பிரவுசர் கணிக்கிறது. அது கணிப்புதான், முழுக் கோப்பும் இறங்கிவிட்டது என்று பொருளில்லை. 4 இருந்தால் உடனே பட்டனைத் திறங்கள், இல்லாவிட்டால் மட்டும் லிசனர் போடுங்கள்.

ஐபோன் கதை வேறு. டேட்டாவை மிச்சப்படுத்த, பயனர் தொடும்வரை அது முழு ஒலியை இறக்காது. பட்டனைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தால் பட்டனும் ஐபோனும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கும். நான் பூட்டையே எடுத்துவிட்டேன். பிள்ளை அழுத்தியதும் பிளே, வெயிட்டிங் (waiting) ஈவென்ட் வந்தால் சுழலும் வட்டம், பிளேயிங் (playing) ஈவென்ட் வந்தால் வட்டம் மறையும்.

எவ்வளவு இறங்கியது என்று பட்டையில் காட்ட ஆடியோவின் பஃபர்டு (buffered) இருக்கிறது. ஆனால் அது ஒரே எண் இல்லை, துண்டு துண்டான இடைவெளிகளின் பட்டியல். பிள்ளை நடுவில் தாவினால் இரண்டு துண்டு ஆகிவிடும். முதல் துண்டின் முடிவையே காட்டினால் பட்டை பொய் சொல்லும். இப்போது ஓடும் இடமான கரண்ட்டைம் (currentTime) எந்தத் துண்டுக்குள் விழுகிறதோ அதன் முடிவை எடுங்கள். பட்டியல் காலியாக இருக்கும்போது முடிவைக் கேட்டால் பிழை வரும், பட்டியலின் நீளத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம், ஆடியோ டேகுக்குள் கோப்பின் முகவரிக்குத் தனியாகச் சோர்ஸ் (source) டேக் போட்டிருந்தால் கோப்பு கிடைக்காத எரர் அந்தச் சோர்ஸுக்குத்தான் போகும், ஆடியோவுக்கு வராது. ஆடியோவின் நெட்வொர்க்ஸ்டேட் (networkState) 3, அதாவது ஓட்டக்கூடிய கோப்பு கிடைக்கவில்லை, என்று காட்டினால் கோப்பின் முகவரியைச் சரிபாருங்கள்.