ஓப்பன் சோர்ஸ் டூல்ல (கோட யாரு வேணா பாக்கலாம், மாத்தலாம்னு திறந்து விட்ட சாஃப்ட்வேர்ல) பக், அதாவது கோளாறு, இருந்தா சீக்கிரம் சரி பண்ணுன்னு கேக்க யூசருக்கு உரிமை இல்லையா?

கேக்கலாம்ங்க, ஆனா காசு குடுத்து வாங்கின கடையில சண்டை போடற மாதிரி கேக்க உரிமை கிடையாது. ஜிபிஎல், எம்ஐடின்னு இந்த மாதிரி சாஃப்ட்வேரோட வர்ற லைசென்ஸ்லயே வாரன்ட்டி இல்லன்னு தான் எழுதியிருக்கு.

எக்ஸ்இசட் யுடில்ஸ் கதைய பாருங்க. ஃபைல சுருக்குற சின்ன டூல், கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ்லயும் இருக்கும், அத பல வருஷமா பாத்துக்கிட்டது லாஸ்ஸே காலின்னு ஒரே ஆளு, சம்பளமே இல்லாம. 2022ல சில பேரு வந்து ஏன் இவ்ளோ லேட்டு, முடியலன்னா வேற ஆள்கிட்ட குடுங்கன்னு நச்சரிச்சாங்க, அவரு மனசு சரியில்ல, இது காசு வராத ஹாபி ப்ராஜெக்ட்னு சொல்லியும் விடல. உதவிக்குன்னு வந்த ஜியா டான்ங்கற பேர்ல இருந்த ஆளுதான் பொறுப்ப வாங்கிக்கிட்டு 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல பேக்டோர் (திருட்டுத்தனமா உள்ள நுழையற வழி) வெச்சது. 2024 மார்ச்ல ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு டெவலப்பர், எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்கற கம்ப்யூட்டருக்குள்ள பாதுகாப்பா நுழையற வழி) லாகின் அரை செகண்டு லேட்டாகுதேன்னு தோண்டிப் பாத்ததால தப்பிச்சோம். நச்சரிச்சதும் ஜியா டான் கூட்டத்தோட போலி ஐடின்னு பல பேர் சந்தேகப்படறாங்க, ஆனா எனக்கு வலிக்கிறது என்னன்னா அந்த பேச்சு யாருக்கும் அப்ப விசித்திரமா படவே இல்ல, தினமும் நடக்குறது தானே.

பக் வந்தா எந்த வெர்ஷன், என்ன பண்ணா வருதுன்னு எழுதுங்க. உங்க கம்பெனி அத வெச்சு சம்பாதிச்சா மெயின்டெய்னருக்கு (டூல பாத்துக்கறவருக்கு) காசு குடுக்கச் சொல்லுங்க.