முன்தோட்டத்தை எடுத்துவிட்டுக் கார் நிறுத்தலாமா?

கேள்வி: ஐயா, வீட்டுக்கு முன்னால் சின்னத் தோட்டம் இருக்கிறது. மகனும் கார் வாங்கிவிட்டான். தோட்டத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டு, கேட்டையும் அகலப்படுத்த நினைக்கிறோம். அனுமதி வாங்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சொந்த மனையில் கார் நிறுத்தவுமா அனுமதி?

பதில்: பல ஊர்களில் வேண்டும். உங்கள் மனைக்குள் செய்கிற வேலைதான், ஆனால் இரண்டு விஷயங்கள் மனையைத் தாண்டி வெளியே போகின்றன. ஒன்று மழைத்தண்ணீர், இன்னொன்று பின்னால் எடுக்கும்போது நடைபாதைக்கு வரும் கார். உள்ளாட்சி விதிகளில் பெரும்பகுதி இந்த இரண்டைப் பற்றித்தான்.

தண்ணீரை முதலில் சொல்கிறேன், அதில் நானே சூடுபட்டிருக்கிறேன். வீட்டு வரைபடம் போட ஆரம்பித்த புதிதில் ஒரு வீட்டின் முன்புறம் முழுக்க கான்கிரீட் காட்டி, சரிவை ஒரு மூலைக்குக் கொடுத்துவிட்டேன். முதல் பெருமழையில் அந்த மூலை வழியாகத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது. மறுநாள் அவர்கள் நனைந்த மெத்தையைச் சுவரில் சாய்த்துக் காயவைத்திருந்ததைப் பார்த்தேன். இன்றும் சரிவு குறிக்கும்போது அந்த மெத்தைதான் ஞாபகத்துக்கு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 சதுர மீட்டர் கான்கிரீட்டில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 2,000 லிட்டர். தோட்டமாக இருந்தவரை அதில் நல்ல பங்கை மண் குடித்துக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் 2007 கோடை வெள்ளத்துக்குப் பிறகு, 2008 அக்டோபரில் இதற்கென்றே விதி கொண்டுவந்தார்கள். வீட்டின் முன்புறத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, அந்த நீரைத் தெருவுக்கு விடுவதென்றால் அனுமதி வாங்க வேண்டும். தண்ணீர் இறங்கும் தளம் போட்டாலோ, நீரைச் செடிப்பாத்திக்குத் திருப்பிவிட்டாலோ தேவையில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன். சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு மட்டும் கான்கிரீட் போடுங்கள், நடுவில் புல் இருக்கட்டும்.

அப்புறம் இடம் போதுமா என்று பாருங்கள். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். தரையில் சாக்பீஸால் அந்தக் கட்டத்தைப் போட்டு, காரை உள்ளே நிறுத்தி, நான்கு கதவையும் திறந்து பாருங்கள். வீட்டுச் சுவருக்கும் மனையின் எல்லைக்கும் நடுவே 5 மீட்டர் இல்லையென்றால் காரின் வால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிற அம்மா சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். அதற்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள், தரவும் கூடாது.

கேட்டுக்குப் பக்கத்தில் காம்பவுண்ட் சுவரோ வேலியோ உயரமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டுமாவது குறைத்துவிடுங்கள். பல ஊர் விதிகள் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் இருக்கச் சொல்கின்றன. காரில் உட்கார்ந்திருக்கும்போது நடைபாதையில் வருகிறவர் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. கேட் உள்பக்கமாகத் திறக்கட்டும்.

மனையின் எல்லைக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் துண்டு இடம் பெரும்பாலும் உள்ளாட்சிக்குச் சொந்தம். அங்கே நடைபாதை விளிம்பைத் தாழ்த்துவதையும் வடிகாலின் மேல் சாய்தளம் கட்டுவதையும் கொத்தனாரிடம் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்க வரைபடம் போதும்: மனையின் அளவு, கேட் அகலம், தளத்தின் பரப்பு, சரிவு எந்தப் பக்கம் என்பதற்கு ஓர் அம்புக்குறி. அதை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: ஜல்லி மட்டும் கொட்டினால் அது தளம் என்ற கணக்கில் வராது, அனுமதி வேண்டாம் என்கிறார்களே?

பதில்: எல்லா ஊருக்கும் அது பொருந்தாது. கார் நிற்கிற இடம் எதுவானாலும் அதை நிறுத்துமிடம் என்றே கணக்கில் எடுக்கும் விதிகளும் உண்டு. கேட்டுவிட்டே கொட்டுங்கள். ஜல்லி போட்டால் கேட்டை ஒட்டி 2 மீட்டருக்கு மட்டும் கெட்டியான தளம் போடுங்கள். இல்லையென்றால் சக்கரத்தோடு கல் சாலைக்கு வந்துவிடும், இரு சக்கர வண்டியில் வருகிறவர் அதில் சறுக்கி விழுவார்.