பதிவேட்டில் ஏறாத வேலை

அன்பின் ஐயா,

யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் 19 ஆண்டுகளாகத் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். சென்ற ஆண்டு ஒரு விடுதியின் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. கடமைப் பட்டியல், லீவு, மருந்து இருப்பு, பழுதான கருவிகளுக்குக் கடிதம், கூட்டம் என்று பொழுது போய்விடுகிறது. சில நாட்களில் ஒரு நோயாளரின் கையைக்கூடப் பிடிக்காமல் வீட்டுக்குப் போகிறேன். 2022 இற்குப் பின் என்னோடு நின்ற சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். புதிதாக வரும் பிள்ளைகளிடம் எங்கள் காலத்துச் சேவை மனப்பான்மை இல்லை. சொன்னதைச் செய்கிறார்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் இப்போது செய்வது தாதித் தொழில்தானா? பொறுப்பை விட்டுவிட்டுப் பழைய கடமைக்கே போகக் கேட்கலாமா? பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தக் கேள்வியைப் பற்றிப் பேச எனக்கு உள்ள தகுதி, சில ஆண்டுகளுக்கு முன் தகப்பனாருக்குத் துணையாக ஒரு விடுதியில் பதினொரு இரவுகள் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தது மட்டுமே. பக்கத்துக் கட்டிலில் சலரோகக்காரரான ஒரு முதியவர் இருந்தார். இரவில் நாலைந்து தரம் தண்ணீர் கேட்டுக் கூப்பிடுவார். நாங்கள் எல்லோரும் அவரைச் சபித்துக்கொண்டுதான் கண்ணயர்வோம். ஓர் இரவு அவர் கூப்பிடவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. மருந்துத் தள்ளுவண்டியோடு கடந்து போன தாதி இரண்டு கட்டில் தாண்டியபின் நின்று, திரும்பி வந்து, அவருடைய நெற்றியில் புறங்கையை வைத்தார். வியர்வையில் நனைந்து குளிர்ந்து போயிருந்தது. அலுமாரியின் மேல் இரவுச் சாப்பாட்டுப் பொதி பிரிக்கப்படாமல் கிடந்தது. மாலையில் இன்சுலின் ஏறியிருக்கிறது, வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. சுகர் பார்த்து, டொக்டரை அழைத்து, நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் அவர் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் அவருடைய ரிக்கற்றில், அதாவது நோயாளரின் சிகிச்சைக் குறிப்பேட்டில், இதெல்லாம் நேரம், சுகர் அளவு, கொடுத்த மருந்து என்று இரண்டு வரியாக ஏறியிருக்கும். தாதி திரும்பி வந்தது ஏறியிருக்காது, ஏறுவதற்கு அங்கே இடமும் இல்லை. உங்கள் தொழிலின் நடுவில் இருக்கும் வேலை கவனித்திருத்தல்; அதற்குப் பதிவேட்டில் நிரல் கிடையாது என்பதனால், பதிவேட்டைக் கொண்டு வேலையை அளக்கும் நிர்வாகத்துக்கு அது வேலையாகவே தெரிவதில்லை. கூப்பிடாத நோயாளியைக் கவனிக்க, கூப்பிடுகிறவர்களைப் பார்த்து முடித்த பின்னும் மனத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்க வேண்டும். ஐம்பது பேருக்கு இரண்டு பேர் நிற்கிற இரவில் அந்த இடம் எங்கிருந்து வரும்?

இது உணர்ச்சிப் பேச்சல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்து தாதியியல் ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் சகாக்களும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தாதிக்கு ஒரு நோயாளர் கூடும்போது, 30 நாட்களுக்குள் மரணம் நிகழும் வாய்ப்பு 7 சதவீதத்தால் கூடுவதாகக் கண்டார்கள். அங்கே பேசப்பட்டது ஒருவருக்கு நாலு நோயாளரா எட்டு நோயாளரா என்ற கணக்கு. நம் விடுதிகளின் கணக்கு உங்களுக்குத் தெரியும்.

புதிய பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. சேவை மனப்பான்மை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. மூன்றாவது ஆளைப் போடாமல் இருப்பதற்கு அதைவிட மலிவான சொல் இல்லை. 1950களின் இறுதியில் லண்டனில் ஒரு போதனா வைத்தியசாலையை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ், தாதியர் நோயாளரைப் பெயரால் அன்றிக் கட்டில் இலக்கத்தாலும் நோயாலும் குறிப்பிடுவதையும், தூக்க மாத்திரை கொடுப்பதற்காகத் தூங்கும் நோயாளியை எழுப்புவதையும் கண்டு, அதைக் கல்நெஞ்சம் என்று எழுதவில்லை. நோவுக்கும் சாவுக்கும் நாள்தோறும் அருகில் நிற்பவர்களின் பதற்றத்தை அடக்குவதற்காக, வேலையைத் துண்டு துண்டாக்கி, ஒரு தாதி ஒரு நோயாளியோடு நெருங்க முடியாதபடி நிறுவனமே ஏற்பாடு செய்திருக்கிறது என்றார். அந்த ஏற்பாடு பதற்றத்தையும் தணிக்கவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இடையில் விலகினார்கள். சொன்னதை மட்டும் செய்கிற உங்கள் பிள்ளைகளும் அப்படித் தம்மைக் காத்துக்கொள்கிறவர்களாக இருக்கலாம். விமானம் ஏறிப் போனவர்களும் சம்பளத்துக்காக மட்டும் போயிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று, மொழி. 1847 இல் இங்கே வந்து, பின்னர் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் கலைச்சொற்களுக்காகப் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனால் இன்றும் நோயாளி "நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்குது பிள்ளை" என்பார். அந்த "ஒரு மாதிரி"யை ரிக்கற்றின் ஆங்கிலத்தில் எழுத வழியில்லை. அனுபவமுள்ள தாதிக்கு அது மாரடைப்பின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும் என்று காதில் விழும்போதே தெரியும். எழுத முடியாததை அடுத்த கடமைக்கு வருகிறவருக்கு வாயால்தான் சொல்ல வேண்டும், அதையும் மேசையடியில் நின்று ரிக்கற்றை வாசித்துச் சொன்னால் பாதி போய்விடும்.

ஆகவே பொறுப்பை விடாதீர்கள். கட்டிலருகே திறமையாக நிற்கிறவரைப் பதவி உயர்வு என்று அங்கிருந்து அகற்றுவது நம் சேவைப் பிரமாணங்களின் பெரிய பிழை என்பது சரிதான். ஆனால் எந்தப் புதியவரை எந்தப் பழையவரோடு இரவில் போடுவது, இரவுக் கடமை முடித்தவருக்கு எத்தனை மணி நேரம் தூங்கக் கிடைக்கும் என்பதெல்லாம் உங்கள் பட்டியலில்தான் தீர்மானமாகின்றன. அன்று வண்டியோடு திரும்பி வந்த தாதி, தொடர்ந்து இரண்டாவது கடமையில் நின்றிருந்தால் திரும்பி வந்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

கடமை மாறும் நேரத்தில் ஒரு தடவையாவது நீங்களும் கட்டில் கட்டிலாக நடந்து, ரிக்கற்றில் இல்லாத எது மனத்தை உறுத்துகிறது என்று போகிறவரிடம் கேளுங்கள். அதற்கு இருபது நிமிடம் இரு சாராரும் ஒன்றாக நிற்க வேண்டியிருக்கும். மேலதிக நேரக் கொடுப்பனவு என்று நிர்வாகம் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். ஒவ்வொரு இரவும் எத்தனை நோயாளருக்கு எத்தனை தாதியர் நின்றார்கள் என்பதைத் திகதியிட்டு ஒரு தனிக் கொப்பியில் எழுதி, மாத முடிவில் அறிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் வாசிப்பது எழுத்தில் உள்ளதைத்தானே.