ஒளியும் தொலைவும்: பொழுதுபோக்காகப் படமெடுப்போருக்கான கேள்வி பதில்

பொழுதுபோக்காகப் படமெடுக்கும் நண்பர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் ஒரே தன்மையுடையவற்றை இணைத்து, இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பல கேள்விகள் கருவியைப் பற்றியவை என்றாலும், பதில் தேடிப் போனால் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, படமெடுப்பவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்ற இரண்டில்தான் பெரும்பாலும் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: நான் கைப்பேசியில் மட்டுமே படமெடுக்கிறேன். நேரில் அழகாகத் தெரிவதெல்லாம் படத்தில் சப்பென்று இருக்கிறது. நல்ல கேமரா வாங்கினால் இது சரியாகிவிடுமா?

பணத்தைச் செலவழிப்பதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, சன்னலுக்கு அருகில் மேசைமேல் வைத்து, அறையின் விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். முதலில் சன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று ஒரு படம் எடுங்கள். பிறகு சன்னல் உங்களுக்கு இடப்புறமோ வலப்புறமோ வரும்படி மேசையைச் சுற்றி நகர்ந்து இன்னொரு படம் எடுங்கள். முதல் படத்தில் தாள் ஒரு வெள்ளைத் திட்டாக மட்டுமே தெரியும். இரண்டாவது படத்தில் ஒவ்வொரு மடிப்பும் தன் நிழலுடன் தனித்து எழுந்து, தாளுக்குக் கனம் வந்திருக்கும். அடுத்து, நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, அதை மெல்ல மெல்லத் தாளின் அருகே கொண்டுவாருங்கள். கருமையாக இருந்த மடிப்புகள் வெளுத்து வருவதைத் திரையைப் பார்க்காமல் கண்ணாலேயே காண முடியும்.

மனித முகத்துக்கும், பூவுக்கும், சுவருக்கும் இதே விதிதான். பக்கவாட்டு ஒளி வடிவத்தைக் காட்டும். படமெடுப்பவரின் திசையிலிருந்து வரும் ஒளி வடிவத்தை அழித்துவிடும். கைப்பேசியின் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே அமைந்திருப்பதால்தான் அதில் எடுத்த முகங்கள் தட்டையாகத் தெரிகின்றன. இவற்றோடு, கைப்பேசியின் மென்பொருள் நிழல்களைத் தானாகவே வெளிச்சமாக்கிவிடும் பழக்கமுடையது என்பதையும் நினைவில் வையுங்கள். திரையில் பொருளைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றே கீழே இழுத்து எடுத்தால், நேரில் நீங்கள் கண்ட நிழல் பெருமளவு படத்திலும் தங்கும். லென்ஸின் மேல் படிந்திருக்கும் விரல் எண்ணெயை மென்துணியால் துடைப்பதும் அவசியம். விளக்குகளைச் சுற்றிப் பனிமூட்டம்போல் தெரிவதற்குப் பல நேரங்களில் அதுவே காரணம்.

மங்கிய ஒளியில் அசையும் மனிதர்கள், தொலைவில் உள்ள பறவைகள், விளையாட்டு ஆகியவற்றைத் தொடர்ந்து எடுக்க விரும்பினால் மட்டும் தனிக் கேமராவைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: என் குழந்தையை வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் மங்கலாகவே வருகின்றன. லென்ஸில் குறை இருக்குமோ?

லென்ஸைச் சந்தேகிக்கும் முன், மங்கல் எந்த வகை என்று கண்டறிய வேண்டும். படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர், நாற்காலி, முகம் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், உங்கள் கை அசைந்திருக்கிறது. நாற்காலி தெளிவாக இருந்து குழந்தையின் கையும் தலையும் மட்டும் கலைந்திருந்தால், ஷட்டர் வேகம் (ஷட்டர் எவ்வளவு குறுகிய நேரம் திறந்து ஒளியை உள்ளே விடுகிறது என்பது) போதவில்லை. குழந்தை மங்கலாகவும் அதன் பின்னாலுள்ள திரைச்சீலையின் நெசவு கூர்மையாகவும் இருந்தால், ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கை அசைவுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: குவியத் தூரம் (காட்சியை லென்ஸ் எவ்வளவு நெருக்கமாகக் காட்டும் என்பதன் அளவு) 50 மி.மீ. உள்ள லென்ஸ் என்றால் ஷட்டர் 1/50 விநாடியைவிட மெதுவாக இருக்கக்கூடாது, 200 மி.மீ. என்றால் 1/200. இது 36×24 மி.மீ. அளவுள்ள முழு ஃபிரேம் சென்சாருக்கான (ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் பரப்புக்கான) கணக்கு. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமராக்களில் குவியத் தூரத்தை ஏறத்தாழ ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். லென்ஸிலோ கேமராவிலோ அசைவுத் தடுப்பு வசதி இருந்தால் இதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் அந்த வசதி உங்கள் கையின் அசைவைத்தான் தடுக்கும். குழந்தையின் அசைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500 அல்லது அதற்கும் மேல் வேண்டும்.

வீட்டுக்குள் அந்த வேகத்தை எட்டுவதற்கு ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன் அளவை) 3200 வரையிலும், தேவையானால் 6400 வரையிலும் தயங்காமல் உயர்த்துங்கள். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். புள்ளிகளைப் பின்னால் மென்பொருளில் பெருமளவு குறைத்துக்கொள்ளலாம், ஆனால் கலைந்துபோன முகத்தை மீட்பதற்கு நம்பகமான வழி கிடையாது. ஐஎஸ்ஓவைத் தொடுவதற்கும் முன்னால், குழந்தையின் விளையாட்டுப் பொருள்களை அறையின் நடுவிலிருந்து சன்னலோரத்துக்கு மாற்றி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை உடையில் நிற்பவரை எடுத்தால் எல்லாம் சாம்பல் நிறமாக வருகிறது. சன்னலுக்கு முன் நிற்பவரை எடுத்தால் முகம் இருண்டுவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே காரணமா?

ஆம், ஒரே காரணம்தான். கேமராவின் ஒளிமானிக்குத் தன் முன் நிற்பது வெள்ளைச் சுவரா, கறுப்புத் துணியா என்று தெரியாது. காட்சி முழுவதையும் சராசரியாக்கினால் நடுத்தரச் சாம்பல் கிடைக்கும் என்ற அனுமானத்தில் அது வேலை செய்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் புகைப்படக்காரர்கள் அளவுகோலாக வைத்திருப்பது இதனால்தான். காட்சியில் வெண்மை மிகுந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். கருமை மிகுந்தால் அதையும் வெளுத்துச் சாம்பலாக்கும். புதிய கேமராக்களும் கைப்பேசிகளும் முகத்தை அடையாளம் கண்டு ஓரளவு திருத்திக்கொள்கின்றன என்றாலும், முழுமையாக நம்ப முடியாது.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தானை இதற்காகவே வைத்திருக்கிறார்கள். வெள்ளைக் காட்சிக்குக் கூட்டல் 1 முதல் 2 வரையிலும், இருண்ட மேடையில் ஒளி வட்டத்தில் நிற்பவருக்குக் கழித்தல் 1 வரையிலும் வைத்துப் பாருங்கள். சன்னலுக்கு முன் நிற்பவருக்கும் கூட்டல்தான் வேண்டும், ஆனால் சன்னலுக்கு வெளியே உள்ள காட்சி வெளுத்துப்போகும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு மனமில்லை என்றால், அவரைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். என் கருத்தில் அதுவே சிறந்த வழி.

கேள்வி: எல்லா அமைப்புகளையும் மேனுவலில் (நாமே அமைக்கும் முறையில்) வைத்தால்தான் கற்றுக்கொள்ள முடியும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பின் அளவை) நீங்கள் தேர்ந்தெடுத்து, மற்றவற்றைக் கேமராவிடம் விட்டு, ஷட்டர் வேகம் எந்த அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று மட்டும் கட்டளையிட்டு வைப்பது அன்றாடப் படங்களுக்குப் போதுமானது. ஒளி மாறாத இடங்களிலும் ட்ரைபாட் வைத்து எடுக்கும் இரவுக் காட்சிகளிலும் மேனுவல் உதவும்.

கேள்வி: ஐயா, நான் எடுக்கும் முகங்களில் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரிகின்றன. உருவப்படத்துக்கென்று தனி லென்ஸ் வாங்க வேண்டுமா?

முகத்தின் அமைப்பை மாற்றிக் காட்டுவது லென்ஸ் அன்று. நீங்கள் நிற்கும் தொலைவுதான். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் கைப்பேசியைப் பிடித்தால், காது 42 செ.மீ. தொலைவில் இருக்கிறது. ஆகவே காதோடு ஒப்பிடுகையில் மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். அதே மனிதரிடமிருந்து 2 மீட்டர் பின்னால் போய் நின்றால், தொலைவுகள் 200, 212 செ.மீ. ஆகிவிடுகின்றன, வேறுபாடு 1.06 மடங்குதான், அதைக் கண் பொருட்படுத்தாது.

பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் முழு ஃபிரேம் கணக்கில் 24 முதல் 28 மி.மீ. வரையிலான அகலக் கோணம் என்பதால், முகம் சட்டத்தை நிரப்ப வேண்டும் என்று நாம் நம்மையறியாமல் நெருங்கிப் போய்விடுகிறோம். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியில் 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்; இல்லையென்றால் எடுத்த பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். பொருத்தும் லென்ஸ்களில் 85 மி.மீ. உருவப்படத்துக்கு உகந்தது என்று பெயர் பெற்றதும், அந்த லென்ஸில் முகம் சட்டத்தில் அமைய வேண்டுமானால் நீங்கள் அந்த அளவு விலகி நின்றே ஆக வேண்டும் என்பதால்தான்.

கேள்வி: எல்இடி விளக்குகள் உள்ள கூடத்தில் எடுத்த படங்களில் குறுக்கே கருங்கோடுகள் விழுந்துள்ளன. சென்சார் கெட்டுவிட்டதா?

சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்கும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சென்சாரை வரிவரியாகப் படிக்கும் எலக்ட்ரானிக் ஷட்டர் ஒவ்வொரு வரியையும் வேறு வேறு கணத்தில் பதிவு செய்வதால் கோடுகளாகத் தெரிகிறது. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50க்கு மாற்றுங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள நாடுகளில் 1/120 அல்லது 1/60. கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தால் அதற்கு மாறுவதும் உதவும்.

கேள்வி: ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) எடுப்பதா, ஜேபெக்கில் (கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தருவது) எடுப்பதா?

படங்களைக் கணினியில் திருத்த நேரமும் விருப்பமும் உள்ளவர் ராவில் எடுக்கலாம். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளைத்தான் சேமிக்கிறது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள் இருக்கும். வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் நிறச் சமநிலை) தவறினாலும், நிழல்கள் இருண்டாலும், ராவில் திருத்த இடமுண்டு. முற்றிலும் வெளுத்துப்போன வானத்தை மட்டும் ராவாலும் திருப்பித் தர முடியாது. ஆகவே ஐயம் இருந்தால் சற்றே இருட்டாக எடுங்கள். திருத்தும் பழக்கமில்லாதவர்களுக்கு ஜேபெக்கே நல்லது. ரா கோப்புகளைச் சேர்த்து வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் திறக்காமல் விடுவதால் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: மூன்றில் ஒரு பங்கு விதியைப் பின்பற்றியும் என் படங்கள் ஈர்ப்பதில்லை. வேறு என்ன கவனிக்க வேண்டும்?

சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியப் பொருளை அந்தக் கோடுகளில் அமைக்கச் சொல்லும் அந்த விதி தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் அதைவிட அதிகப் பலன் தரக்கூடியது, பொத்தானை அழுத்துமுன் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வருவது. பாதி வெட்டுப்பட்ட ஒரு கை, மூலையில் எட்டிப் பார்க்கும் குப்பைத் தொட்டி, தலைக்குப் பின்னாலிருந்து முளைத்ததுபோல் நிற்கும் விளக்குக் கம்பம் ஆகியவை எடுக்கும்போது தெரிவதில்லை, ஏனென்றால் நம் கவனம் முழுவதும் முகத்தில் இருக்கிறது. ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தாலோ, முழங்காலிட்டு அமர்ந்தாலோ இவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிடும். குழந்தைகளையும் விலங்குகளையும் அவர்களின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுங்கள்.

இன்னொன்று: சில வாரங்களுக்கு ஒரே குவியத் தூரத்தில் மட்டும் எடுத்துப் பழகுங்கள். ஜூம் இல்லாதபோது கால்கள் நகரும். எங்கே நின்றால் என்ன சட்டத்துக்குள் அடங்கும் என்பது கேமராவை எடுக்குமுன்பே மனத்தில் பதியும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் தம் வாழ்நாள் பணியின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸிலேயே செய்தார்.

கேள்வி: 12 மெகாபிக்சல் படத்தை எவ்வளவு பெரிதாக அச்சிடலாம்? அச்சிட்டால் இருட்டாக வருகிறதே?

4000×3000 பிக்சல் கொண்ட படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் ஏறத்தாழ 13×10 அங்குலத்துக்கு அச்சிடலாம். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படமென்றால் 150 புள்ளிகள் போதும் என்பதால், அதன் இரு மடங்கு நீள அகலத்துக்கும் போகலாம். இருட்டாக வருவதற்குக் காரணம், திரை தானே ஒளிர்வதும், தாள் அறையின் ஒளியைத் திருப்பி அனுப்புவதும்தான். திரையின் பிரகாசத்தைப் பாதியளவுக்குக் குறைத்து வைத்துப் படத்தைத் திருத்துங்கள். பிறகு அதே தாள் வகையில் சிறிய அளவில் ஒரு மாதிரியை அச்சிட்டு, படத்தை மாட்டப்போகும் சுவரில், பகலில் ஒருமுறையும் இரவு விளக்கில் ஒருமுறையும் பார்த்த பின் பெரிய அளவுக்குக் கொடுங்கள்.