வாங்கிக் கொடுத்த புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான்!

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் வாசிக்க மாட்டான். ஊட்டிக்குப் போனபோது பெரிய ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்று 700 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு பக்கம் புரட்டியதோடு சரி. தினமும் அரை மணி நேரம் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னால் அழுகைதான். ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாட்டைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அதே கதைதான். நான் பத்தாவதோடு நின்றவள், ஆங்கிலம் வராது. என்ன செய்யட்டும், அக்கா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: முதலில் அந்த அரை மணி நேரக் கட்டாயத்தை நிறுத்திவிடுங்கள், தங்கச்சி. அழுதுகொண்டே வாசிக்கிற பிள்ளைக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே அழுகைதான் ஞாபகம் வரும்.

உங்கள் மகனுக்குக் கதை பிடிக்கும். அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் எழுத்துக் கூட்டிக்கொண்டே போவதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வரியில் நாலு சொல் புரியாவிட்டால் நாமும் மூடி வைத்துவிடுவோம். அந்த ஆங்கிலப் புத்தகம் கொஞ்ச நாள் அலமாரியில் இருக்கட்டும். வாசிக்கிற ருசி அவன் வீட்டில் பேசுகிற மொழியில் முதலில் பிடிபடட்டும். அந்தப் பழக்கம் பிறகு ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும்.

ஆங்கிலம் வராது என்று நீங்கள் ஒதுங்கி நிற்கவே வேண்டாம். தமிழ்க் கதை ஒன்றை எடுத்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களே அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். நாலாவது படிக்கிற பையனுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். இந்த வயதில் பிள்ளைகள் தாங்களாக வாசித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது அதிகம். அதனால் அவனால் தனியாக வாசிக்க முடியாத கதையைக்கூட உங்கள் குரலில் அவன் ரசிப்பான். கதை சூடு பிடிக்கிற இடத்தில் புத்தகத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படி வேலையைப் பார்க்கப் போங்கள். எடுத்துப் பார்த்தால் நல்லது, பார்க்காவிட்டாலும் ஒன்றும் சொல்ல வேண்டாம். முடித்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்த உடனே கதை பரீட்சை ஆகிவிடுகிறது.

அப்புறம் அந்தக் காட்டுமாடு. அதை விட்டுவிடாதீர்கள்! அடுத்த முறை அவன் சொல்லும்போது ஒரு நோட்டில் அவன் வாயில் வருகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். ‘மாடு உர்ருன்னு பாத்துச்சு, நான் ஓடியே வந்துட்டேன்’ என்றால் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பிறகு அவனிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தன்னுடைய சொற்கள் என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், எழுத்தைக் கண்டு மிரள மாட்டான். குன்னூர் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலத்தில் இதை நிறையச் செய்திருக்கிறேன். வீட்டில் படுகு பேசும் பிள்ளைகளும் தமிழ் பேசும் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பாடத்தை வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறவர்கள், கரடி வந்த கதையைச் சொல்லச் சொன்னால் எழுந்து நின்று கையை ஆட்டிச் சொல்வார்கள். ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் முன்னும் பின்னும் குறி வருவதால் தடுமாறுகிற பிள்ளைகூடத் தன் கதையில் வரும் ‘கொம்பு’, ‘கோபம்’ இரண்டையும் தயங்காமல் வாசிக்கும்.

புத்தகத்துக்கு இனி 700 ரூபாய் செலவழிக்க வேண்டாம். நம் மாநிலத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவிலேயே முதலில். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப் போய் உறுப்பினராகச் சேருங்கள். எந்தப் புத்தகம் என்பதை அவனே எடுக்கட்டும். படம் மட்டும் நிறைந்த, அவன் வயதுக்குச் சின்னது என்று தோன்றுகிற புத்தகமாக இருந்தாலும் சரி. போன் கையில் இருக்கும் நேரத்தில் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்து பக்கத்தில் உட்காருங்கள். தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளில் இலவசமாகவே கிடைக்கும். முதல் நிலையிலிருந்தே தொடங்குங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். புத்தகத்தை மூக்குக்கு அருகே பிடிக்கிறானா, கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்கிறானா? ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். பழகிய சிறு சொற்களிலும் தொடர்ந்து தடுமாறினால் டிஸ்லெக்ஸியா (எழுத்துகளை அடையாளம் கண்டு வாசிப்பதில் வரும் சிரமம்) போன்ற சிக்கல் இருக்கலாம். வகுப்பு ஆசிரியரிடம் பேசிவிட்டு நிபுணரிடம் காட்டுங்கள். அப்படி இருந்தாலும் அவனுக்கு அறிவு குறைவு என்று அர்த்தமில்லை.

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ஒரே கதைப் புத்தகத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். வாங்கி ஒளித்து வைத்துவிடலாமா?
– ஒரு தாத்தா, கூடலூர்

பதில்: ஐயா, தயவுசெய்து ஒளிக்காதீர்கள். முதல் தடவை அவள் கவனமெல்லாம் எழுத்தில் இருக்கும். கதை தெரிந்துவிட்ட பிறகு கண் வேகமாக ஓடும், மனம் கதைக்குள் போகும். சரளம் இப்படித்தான் வருகிறது. அதே புத்தகத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தப்பாக வாசித்தால் உடனே குறுக்கிடாமல் அந்த வரியை முடிக்க விடுங்கள், பாதிப் பிழையை அவளே திருத்திக்கொள்வாள். இன்னொரு புத்தகத்தைப் பக்கத்தில் சும்மா வைத்திருங்கள். உங்கள் ஊரில் ஜூனில் மழை பிடித்தால் பள்ளிக்கு அடிக்கடி லீவு விடுவார்களே, அந்த நாட்கள் இதற்கு நல்லவை. அந்த மழைக்குப் பூட்டிய பீரோவில் வைத்த புத்தகம் பூஞ்சை பிடித்துவிடும். சமையலறைப் பக்கம், அடுப்புச் சூடு படுகிற சுவரை ஒட்டி, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை அடித்துக் கொடுங்கள்.