ஒரு பொத்தானுக்கா இவ்வளவு சண்டை?

கேள்வி: கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். ஆனால் க்னோம் (லினக்ஸ் கணினியில் சாளரம், மெனு எல்லாம் தரும் திரைமுகப்பு) போன்ற திட்டங்களில் நாலு பேர் உட்கார்ந்து முடிவெடுத்து, நமக்குப் பழகிய ஒரு பொத்தானைத் தூக்கிவிடுகிறார்கள். கேட்டால் “பிடிக்கவில்லையா, நிரல் இருக்கிறது, எடுத்துப்போய் மாற்றிக்கொள்” என்கிறார்கள். இதுவா சுதந்திரம்?

பதில்: ‘ஒரு பொத்தான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது போனது ஒன்றல்ல, இரண்டு. சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தான், பெரிதாக்கும் பொத்தான் இரண்டையும் எடுத்துவிட்டு, மூடுவதற்கான பெருக்கல் குறியை மட்டும் விட்டுவைத்தார்கள். சிறிதாக்கினால் சாளரம் போய் உட்கார கீழே பட்டை இல்லை, பிறகு பொத்தான் எதற்கு என்பது காரணம். காரணம் சரிதான். ஆனால் பட்டையை எடுத்ததும் அவர்கள்தானே. க்னோம் 2 வந்த 2002-லிருந்து ஒன்பது வருடம் கையில் ஊறிப்போன வேலைமுறை ஒரே வெளியீட்டில் போய்விட்டது. கோபம் வராமல் என்ன செய்யும்?

‘அமைப்புகளில் ஒரு டிக் வைத்துவிட்டுப் போகலாமே’ என்று உடனே எல்லோரும் சொல்வோம். இதில் நான் பராமரிப்பவர் பக்கம். ஆமாம், இல்லை என்று பத்து தேர்வுகள் வைத்தால் 1,024 சேர்க்கைகள் வரும். யாரோ ஒருவர் ‘திரை கறுப்பாகிறது’ என்று ஒரு வரியில் புகார் கொடுத்தால், அவர் இதில் எந்தச் சேர்க்கையில் இருக்கிறார் என்று தேட வேண்டும். பல திட்டங்களில் அதைத் தேடுகிறவர் பகல் வேலை முடித்துவிட்டு, சம்பளம் இல்லாமல், ராத்திரி உட்கார்ந்திருப்பவர். அவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. கட்டற்ற மென்பொருள் தருவதாகச் சொல்லும் சுதந்திரங்கள் நான்கு: எதற்காகவும் இயக்கலாம், படித்து மாற்றலாம், பிறருக்குப் பிரதி கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். நான் கேட்பதை இன்னொருவர் எழுதித் தர வேண்டும் என்ற ஐந்தாவது அதில் கிடையாது.

அப்புறம் அந்த ‘எடுத்துப்போய் மாற்றிக்கொள்’. இது எனக்கும் எரிச்சல்தான். சொல்வது சுலபம். 2011-லேயே சிலர் க்னோம் 2-ஐ எடுத்துக்கொண்டு போய் மாட்டே என்று தொடங்கினார்கள். புதிய க்னோமோடு மோதக் கூடாது என்பதற்காக உள்ளே இருந்த நிரல்களுக்கெல்லாம் வேறு பெயர் வைக்க வேண்டியிருந்தது, கோப்புகளைப் பார்க்க உதவும் நாட்டிலஸ் காஹா ஆனது, உரை எழுத உதவும் ஜிஎடிட் ப்ளூமா ஆனது. அடியில் இருந்து பொத்தான், மெனுவையெல்லாம் வரைந்து தரும் ஜிடிகே 2 நூலகத்தை முழுவதுமாக விட்டு 3-க்கு வந்து சேரும்போது 2017 ஆகிவிட்டது. கணக்கெழுதவும் கடிதம் அடிக்கவும் கணினியைத் திறக்கிறவரிடம் போய் ‘நீயும் இதைச் செய்’ என்பது பதிலா? எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம், இதுவரை அதை நம்பியிருந்தவர் இனி என்ன செய்யலாம், இந்த மூன்றையும் எல்லோரும் படிக்கும்படி எழுதிவைப்பது முடிவெடுப்பவரின் கடமை. வாக்கெடுப்பு நடத்தச் சொல்லவில்லை, காரணத்தைச் சொல்லுங்கள் என்கிறேன்.

படங்களைத் திருத்தும் மென்பொருளான ஜிம்ப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்தை முடித்தால் பழைய வாசகர்கள் விடமாட்டார்கள். 2012-ல் 2.8 வந்ததிலிருந்து, ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து ஓரத்தை வெட்டிவிட்டு கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் தன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகத்தான் சேமிப்பேன் என்கிறது. ஜேபெக் வேண்டுமானால் ‘ஏற்றுமதி’. அதையும் செய்துவிட்டு மூடப்போனால், இன்னும் சேமிக்கவில்லை என்று எச்சரிக்கை. படத்தை அடுக்கடுக்காக (லேயர்) வைத்து வேலை செய்கிறவரின் அடுக்குகள் தெரியாமல் அழிந்துவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. ஆனால் காரணத்தை மறைக்காமல் சொன்னார்கள், திட்டித் தீர்த்தபோதும் அதிலேயே நின்றார்கள். அப்படிப்பட்டவர்களோடு சண்டை போடலாம், மரியாதையும் குறையாது.

இந்தச் சண்டைகளில் யாரும் பேச்சுக்குக்கூட எடுக்காத ஒரு கூட்டம் இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர்கள். வடிவமைப்பை மாற்றும்போது மெனுவில் இருக்கும் வாக்கியத்தையும் ‘கொஞ்சம் அழகாக’ மாற்றிவிடுவார்கள். அந்த நொடியிலிருந்து எல்லா மொழிக் கோப்புகளிலும் அந்த வரி ‘ஃபஸ்ஸி’, அதாவது மறுபடி சரிபார்க்க வேண்டியது. யாராவது வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை, நேற்று தாய்மொழியில் தெரிந்த அந்த வரி இன்று ஆங்கிலத்தில் தெரியும். ஒரு முற்றுப்புள்ளி கூடினாலும் இதே கதிதான். வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பே சொற்களைத் தொடக் கூடாது என்று பூட்டுப் போடும் வழக்கம் க்னோமிலேயே இருக்கிறது. நல்ல வழக்கம், எல்லாத் திட்டங்களுக்கும் வர வேண்டும். கூடவே, பூட்டு விழுவதற்கு முன்னால் எந்தெந்த வாக்கியம் மாறப்போகிறது, ஏன் என்று மொழிக்குழுக்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். பொத்தானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.