பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

"என் மகளுக்கு 6 வயது, அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. எடை 14 கிலோதான். வயிறு எப்போதும் உப்பலாக இருக்கும், கை கால் குச்சிபோல. ஒரு வருஷமாக அடிக்கடி வயிற்றுப்போக்கு. மாந்தம் என்று தொக்கம் எடுத்தோம், பூச்சி மருந்து கொடுத்தோம். ரத்தம் 7.9 இருந்தது, நாலு மாதம் இரும்புச்சத்து டானிக் குடித்தும் 8.2தான். இப்போது பார்க்கும் டாக்டர், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாக இருக்கலாம் என்கிறார். டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையில் 62 வந்திருக்கிறது, 20க்குள் இருக்க வேண்டுமாம். எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்கிறார். சின்னப் பிள்ளைக்குக் குழாய் விட வேண்டாம், கோதுமையை நிறுத்தினால் போதும் என்கிறார் என் மாமியார். 10 நாளாக நிறுத்தியிருக்கிறோம். வயிறு கொஞ்சம் பரவாயில்லை. இப்படியே விட்டுவிடலாமா?"

விட்டுவிடாதீர்கள் அம்மா. நிறுத்திய கோதுமையை நாளைக் காலையிலிருந்து மறுபடி கொடுக்க ஆரம்பியுங்கள். நோய்க்குக் காரணமென்று சந்தேகப்படும் உணவையே கொடுக்கச் சொல்வது விபரீதமாகத் தோன்றும். ஆனால் சீலியாக் நோயை உறுதி செய்யும் டிடிஜியும் எண்டோஸ்கோபியும் பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உண்மையைச் சொல்லும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளம்பி, சிறுகுடலின் உட்சுவரையே தாக்குவதுதான் இந்த நோய். குளூட்டன் நின்றுபோனால் டிடிஜி பரிசோதனை ரத்தத்தில் அளக்கும் எதிர்ப்பொருள் மெல்லக் குறையும், குடல் புண்ணும் ஆறத் தொடங்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நோய் இருந்ததா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். அப்போது குறைந்தது எட்டு, பன்னிரண்டு வாரம் மறுபடி கோதுமை கொடுத்துச் சோதிக்க வேண்டிவரும். தேறிவரும் பிள்ளையை அப்படிச் சோதிப்பது கொடுமை. 10 நாளில் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை, கவலைப்படாதீர்கள்.

இப்படி வயிறு தள்ளி, பின்புறம் வற்றி, சிடுசிடுவென்று அழும் பிள்ளையை நம் பக்கம் "சவலை பாய்ந்துவிட்டது" என்பார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததால் வந்தது என்று ஒதுக்கிவிடுவார்கள். தொக்கம் எடுத்ததற்காக நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளை வாடினால் தாய் எல்லா வாசலையும் தட்டத்தான் செய்வாள். இனி மட்டும் வேண்டாம். 6 வயதுப் பெண் பிள்ளை 20 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 14 கிலோ என்பதும், நாலு மாத டானிக்குக்கு அசையாத ரத்தமும் சேர்ந்தால், குடல் சத்தை உறிஞ்சவில்லையோ என்றுதான் சந்தேகிக்க வேண்டும். இரும்புச்சத்தை உறிஞ்சும் சிறுகுடலின் முதல் பகுதியைத்தான் சீலியாக் அதிகம் தாக்குகிறது.

இந்த நோயை நம் ஊரில் நினைத்துப் பார்த்த உங்கள் மருத்துவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில் இந்த நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1,000 பேரில் 12 பேரின் ரத்தத்தில் இருந்தது, வேலூர்ப் பக்கம் 1,000 பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான்: அங்கே ஒரு நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். நாம் அரிசிக்காரர்கள் என்பதால் இங்கே சீலியாக் வராது என்று நினைப்பது தவறு. பரோட்டாவும் பிஸ்கட்டும் ரஸ்க்கும் சேமியாவும் இல்லாத வீடு இப்போது எது?

இனி உங்கள் 62க்கு வருவோம். ஐரோப்பியக் குழந்தைகள் குடல் மருத்துவச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிமுறைப்படி, டிடிஜி ஐஜிஏ (ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை) அளவு அந்தப் பரிசோதனைக்கூடத்தின் மேல்வரம்பைப்போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு நாள் எடுத்த ரத்தத்தில் இஎம்ஏ என்ற பரிசோதனையும் பாசிட்டிவ் என்று வந்தால், பெற்றோரிடம் பேசி எண்டோஸ்கோபி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம். உங்கள் கூடத்தின் வரம்பு 20 என்றால் 200ஐத் தொட்டிருக்க வேண்டும். 62 என்பது மூன்று மடங்குதான். இந்த அளவில் சந்தேகம் பலமாக இருக்கிறது, தீர்ப்பு இன்னும் வரவில்லை. உங்கள் மருத்துவர் எண்டோஸ்கோபி கேட்டது சரி.

தீர்ப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? சீலியாக் என்று முடிவானால் அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்க ஒரு துண்டு பரோட்டா, ஒரு வாய் கல்யாண வீட்டுக் கேசரிகூடச் சாப்பிட முடியாது. கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிச்சயம் இல்லாமல் ஆரம்பித்த பத்தியம் 12 வயதில், தோழிகளோடு சேரும்போது, உடைந்துவிடும். "உண்மையிலேயே இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்" என்று அவளே கேட்பாள், உங்களிடம் பதில் இருக்காது. எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, வயிற்றுக் காசநோய், கடுமையான சத்துக்குறைவு ஆகியவையும் இதே கோலத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தும். கோதுமையை நிறுத்தும்போது பிஸ்கட், பன், கடைத் தீனி எல்லாம் சேர்ந்தே நின்றுபோகிறது. அதனால்கூட வயிறு இளகலாம். 10 நாள் முன்னேற்றத்தை நம்பிக் காசநோயைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

உங்கள் மாமியாரிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள். அவர்கள் பயம் பேத்தி மேல் உள்ள பாசம்தான். எண்டோஸ்கோபி அறுவை சிகிச்சை கிடையாது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் வயிறு, காலையில் மயக்க மருந்து, பிள்ளைக்கு எதுவும் தெரியாது. சுண்டுவிரலைவிட மெல்லிய குழாய் வாய் வழியாகச் சிறுகுடலின் தொடக்கம்வரை போகும். அங்கிருந்து அரிசிக் குருணை அளவில் குறைந்தது ஐந்து துணுக்குகள் எடுப்பார்கள். நோய் குடலில் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒன்றிரண்டு போதாது. குழாய் உள்ளே இருப்பது பெரும்பாலும் கால் மணி நேரம். தொண்டை கொஞ்சம் கரகரக்கும், பெரும்பாலான பிள்ளைகள் மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ரத்தம் 8.2 என்பதால் மயக்க மருந்து நிபுணரிடம் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு இதுவரை எடுத்த எல்லாச் சீட்டுகளோடும் போய்க் கேளுங்கள். குடல் சுவரில் பூத்துவாலையின் நூல்களைப்போல நிமிர்ந்திருக்க வேண்டிய குடலுறிஞ்சிகள் தட்டையாகிக் கிடக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தட்டையாவதற்கு வேறு காரணங்களும் இருப்பதால், அந்த அறிக்கையையும் ரத்த அறிக்கையையும் ஒன்றாக வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

அதுவரை தினமும் ஒருமுறையாவது கோதுமை உள்ளே போக வேண்டும். ஒரு சப்பாத்தி, அல்லது ஒரு கிண்ணம் ரவை உப்புமா. மகள் அரசுப் பள்ளியில் படிப்பதால் பாதி வேலை அங்கேயே முடிகிறது. 2022 செப்டம்பர் 15இல் நம் மதுரையில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அதில் ரவையும் சேமியாவும் கோதுமை ரவையும் மாறி மாறி வருகின்றன. அரிசி உப்புமா, வெண்பொங்கல் போடும் நாளிலும் பள்ளி விடுமுறை நாளிலும் வீட்டில் ஒரு சப்பாத்தி கொடுங்கள். என்றைக்கு என்ன சாப்பிட்டாள், எத்தனை தடவை வெளிக்குப் போனாள் என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். நம் வீடுகளில் ஒரு வாரம் இட்லி, அடுத்த வாரம் பரோட்டா என்று போகும், அந்த நோட்டு மருத்துவருக்குப் பெரிய உதவி. விடாமல் வாந்தி, தண்ணீராகப் பேதி, பிள்ளை சோர்ந்து கண் சொருகுவது என்று ஏதாவது வந்தால் கோதுமையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வேறு சில பரிசோதனைகளையும் யாராவது சொல்வார்கள். நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் ஒவ்வாமை பார்க்கிறோம் என்ற ஐஜிஜி (இது வேறு வகை எதிர்ப்பொருள்) பட்டியலுக்குக் காசைக் கொட்டாதீர்கள், சீலியாக்குக்கு அது பயன்படாது. மரபணுப் பரிசோதனையும் இப்போது வேண்டாம். அது நெகட்டிவ் என்றால் சீலியாக் ஏறக்குறைய இல்லை என்று சொல்லலாம், பாசிட்டிவ் என்றால் மூன்றில் ஒருவருக்கு இருப்பது இவளுக்கும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். டிடிஜி நெகட்டிவாக வரும் பிள்ளைகளுக்கு மொத்த ஐஜிஏ அளவையும் பார்ப்பது கட்டாயம், ஏனென்றால் ஐஜிஏ பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அந்தப் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

நோய் உறுதியானால் பத்தியத்தை உணவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன், நம் ஊரில் பலர் வழுக்குவது இங்கேதான். விலக்க வேண்டியவை கோதுமை, பார்லி, ரை. இந்த ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தைச் சில தமிழாக்கங்களில் "கம்பு" என்று போட்டுவிடுகிறார்கள். அதை நம்பிக் கம்பங்கூழை நிறுத்திவிடாதீர்கள். நம் கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, குதிரைவாலி எதிலும் குளூட்டன் இல்லை, அரிசியிலும் இல்லை. ஆனால் கோதுமை அரைத்த மில்லில் அடுத்து அரைத்தால் மாவு கலந்துவிடும், வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மறைந்திருக்கும் கோதுமை. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லி உண்டு. சத்துமாவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

மகளுக்கு நோய் உறுதியானால் நீங்கள், உங்கள் கணவர், கூடப்பிறந்த பிள்ளைகள் இருந்தால் அவர்கள், எல்லாரும் டிடிஜி பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்த உறவில் இது வருவதற்கு வாய்ப்பு அதிகம், அறிகுறியே இல்லாமலும் இருக்கும். ஆகவே மகளுக்காக வீடு மொத்தமும் கோதுமையை விட்டுவிடலாம் என்று நினைத்தாலும், எல்லாருக்கும் ரத்தம் எடுத்த பிறகு விடுங்கள்.